மரக்கால் எங்கே, சார்?
எதைச் சேர்ப்பது, எதைக் காப்பது என்று மாணவர்களே முடிவெடுக்கும் ஒரு பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு கிராமப் பள்ளியில் 'பழம்பொருள் மூலை' ஒன்றைத் தொடங்கினோம். ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலின் வரலாற்றுப் பகுதி 'வரலாறு என்றால் என்ன?' என்ற பாடத்தோடு தொடங்குகிறது. சான்று என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடக் கையில் தொட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். "வீட்டில் பழைய பொருள் எது இருந்தாலும் கொண்டு வாருங்கள்" என்றேன். 'எது இருந்தாலும்' என்று சொன்னது என் முதல் தவறு.

இரண்டே வாரத்தில் மேசை நிரம்பிவிட்டது. அரிக்கேன் விளக்கு, ஓட்டைக் காலணா, வெற்றிலைப் பெட்டி, பித்தளைச் செம்பு, கிராமபோன் தட்டு, ஓலைச்சுவடியின் இரண்டு ஏடுகள், ஒரு மரக்கால். கொண்டுவந்தவர் பெயரைத் துண்டுத்தாளில் எழுதிப் பசையால் ஒட்டினோம். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். ஐப்பசி மழை பிடித்தது. ஈரத்தில் பசை விட்டு, துண்டுத்தாள்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. எது யாருடையது என்று எனக்கே மறந்துபோனது. ஆண்டு விழாவுக்கு அந்த அறை தேவைப்பட்டபோது நான் பயிற்சிக்குப் போயிருந்தேன். பெயரில்லாத பொருள்களைச் சுத்தம் செய்தவர்கள் குப்பை என்று நினைத்தார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. திரும்பி வந்தபோது பாதிப் பொருள்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தன.

மறுநாள் ஒரு மாணவி வந்து நின்றாள். "சார், எங்க அப்பாயி மரக்கால் எங்க சார்? அப்பாயி கேக்குறாங்க."

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "போனா போவுது வாத்தியாரே, அது கெடக்கட்டும்" என்றார் அந்த அம்மா. பிறகு அவராகவே பேசினார். பண்ணையில் கூலியாக அளந்து போட்ட நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், அவருடைய மாமியார் அந்த மரக்காலில் திரும்ப அளந்து பார்ப்பாராம். "வாங்கும்போது ஒரு மரக்கா, குடுக்கும்போது ஒரு மரக்கா வச்சிருந்த காலம். நம்ம மரக்கா பொய் சொல்லாதுன்னு சொல்லும் எங்க மாமியா."

எனக்குப் பேச்சு வரவில்லை. நான் 'பழைய அளவுப் பாத்திரம்' என்று நினைத்து மேசையில் வைத்தது, ஒரு குடும்பம் தன் கூலியைச் சரிபார்த்த கருவி. காவிரிப் படுகையில் கூலி நெல்லின் அளவு சிறிய விஷயமன்று. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் உயிரிழந்ததன் பின்னணியில் இருந்ததும் கூலி உயர்வுக் கோரிக்கைதான். இவ்வளவும் அந்த மரக்காலுக்குள் இருந்தது. கொண்டுவந்த அன்று நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

அருங்காட்சியகங்கள் எப்படி முடிவெடுக்கின்றன என்று நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அதில் கற்றதையும், இப்போது நாகூர் மாணவர்களோடு நடத்திவரும் பாடத்தையும் இங்கே பகிர்கிறேன்.

அருங்காட்சியகம் கிடங்கு அன்று

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கப்பட்டது. புதுக்கோட்டை அருங்காட்சியகம் 1910-இல் சமஸ்தான காலத்தில் உருவானது. நாகப்பட்டினம் உட்பட மாவட்டங்கள் பலவற்றில் இன்று அரசு அருங்காட்சியகங்கள் உள்ளன. மாணவர்களை அழைத்துச் செல்லும்போது நாம் காட்டுவது கண்ணாடிப் பேழைக்குள் இருப்பதை மட்டுமே. பெரிய அருங்காட்சியகங்களில் பொருள்களின் பெரும்பகுதி இருப்பறையில்தான் இருக்கும். அவற்றுக்குப் பின்னால் ஒரு பதிவேடு இருக்கும். அந்தப் பதிவேட்டுக்கும் முன்னால், 'இதை எடுத்துக்கொள்கிறோம்', 'இதை எடுத்துக்கொள்ள முடியாது' என்ற முடிவு இருக்கும்.

2022-இல் பிராகா நகரில் கூடிய பன்னாட்டு அருங்காட்சியகக் குழு, அருங்காட்சியகத்துக்குப் புதிய வரையறை ஒன்றை ஏற்றது. ஆய்தல், சேகரித்தல், பாதுகாத்தல், விளக்குதல், காட்சிப்படுத்தல் என ஐந்து வேலைகளை அது சொல்கிறது. காட்சிப்படுத்தல் அதில் கடைசியில் வருகிறது. நான் என் மேசையில் அதை மட்டும்தான் செய்திருந்தேன்.

இடிந்த கோபுரமும் எஞ்சிய படிமங்களும்

எதைக் காப்பது என்ற கேள்விக்கு நம் மாவட்டத்திலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. சோழர் காலத்தில் நாகப்பட்டினம் கடல் கடந்த வணிகத்தின் துறைமுகம். முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் பெயரால் இங்கே சூடாமணி விகாரம் எழுந்தது. அதற்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாய் அளிக்கப்பட்டதைச் சொல்லும் செப்பேடுகள் நெதர்லாந்துக்குப் போய், லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததால், 'லைடன் செப்பேடுகள்' என்றே பெயர் பெற்றுவிட்டன. ஒரு பொருள் எங்கே வைக்கப்படுகிறதோ அந்த இடம் அதன் பெயரையே மாற்றிவிடும் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டாம்.

நாகப்பட்டினத்தில் 19-ஆம் நூற்றாண்டு வரை ஒரு செங்கல் கோபுரம் நின்றது. 'சீனக் கோயில்' என்றும் 'புதுவெளிக் கோபுரம்' என்றும் அதை அழைத்தார்கள். கடலில் வரும் கப்பல்களுக்கு அது கரை அடையாளம். 1846-இல் வால்டர் எலியட் என்ற அதிகாரி அதைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். 1867-இல் அரசின் அனுமதியோடு அது இடிக்கப்பட்டது. எலியட்டின் கட்டுரை 1878-இல் ஓர் ஆய்விதழில் வெளிவந்தது. கோபுரம் எப்படி இருந்தது என்று இன்று நாம் பேச முடிகிறதென்றால், அந்தக் குறிப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அதே ஊரில் 1856 தொடங்கி 1930-கள் வரை, வெளிப்பாளையம் முதலிய இடங்களில் மண்ணுக்குள்ளிருந்து பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. மொத்தம் 350 அளவில் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் பெரும் தொகுதி எழும்பூருக்குச் சென்றது. சில உலகின் வேறு அருங்காட்சியகங்களுக்கும் போயின. 1954-இல் டி.என். இராமச்சந்திரன் இவற்றைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். எங்கே, எப்போது, எதனோடு கிடைத்தது என்ற குறிப்பு இருந்ததால்தான் ஒரு சிறு புத்தர் படிமம் 'நாகப்பட்டினத்துப் படிமம்' ஆகிறது. அந்தக் குறிப்பு இல்லையென்றால், அது எந்த ஊரிலிருந்தும் வந்திருக்கக்கூடிய அழகான உலோகப் பொருள் மட்டுமே.

இந்த இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, மாணவர்களிடம் கேட்கிறேன்: "கோபுரம் போய்விட்டது, குறிப்பு இருக்கிறது. படிமம் இருந்து குறிப்பு இல்லாமல் போயிருந்தால்?" ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் சொன்ன பதில்: "அப்ப அது ஊமை சார்."

மண்ணில் கிடைத்தால் யாருக்குச் சொந்தம்?

மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இதற்கு வழி சொல்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பொருளை அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துத் தரலாம் என்று மூலச் சட்டம் எழுதப்பட்டது. இதை ஒரு கணக்காகவே கொடுக்கலாம்: உலோக மதிப்பு 15,000 ரூபாய் என்றால் தர வேண்டிய தொகை எவ்வளவு? 18,000 ரூபாய் என்ற விடை வந்ததும் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: அதன் வரலாற்று மதிப்பை எதனால் பெருக்குவது?

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டத்தின்படி 100 ஆண்டுகளுக்குக் குறையாத சிலை, நாணயம் போன்றவை தொல்பொருள்கள். கையெழுத்துச் சுவடிக்கு 75 ஆண்டுகள் போதும். சிலை போன்ற சில வகைகளை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் யாராவது மண்ணில் கிடைத்த சிலையையோ காசுக் குவியலையோ கொண்டுவந்தால், அதைப் பள்ளி அலமாரியில் வைக்காதீர்கள். தலைமையாசிரியர் வழியாக வருவாய்த் துறைக்குத் தெரிவிப்பதே சரி. கிடைத்த இடத்தை மேலும் தோண்ட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

எங்கள் கடலோரப் பள்ளிகளுக்கு இன்னொன்றும் உண்டு. பவளப்பாறைத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. 'கரையில் ஒதுங்கியதுதானே' என்று மாணவர்கள் ஆசையாகக் கொண்டுவருவார்கள். வாங்கி வைக்காமல், ஏன் வைக்கக்கூடாது என்பதையே அன்றைய பாடமாக்கிவிடலாம்.

எந்த ஊரில் வைப்பது?

தஞ்சாவூர் அரண்மனையில் உள்ள கலைக்கூடம் பிறந்த கதையை மாணவர்கள் விரும்பிக் கேட்பார்கள். கரந்தட்டாங்குடியில் இருந்த பிரம்மா சிலை ஒன்றைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோக ஒரு கலை அறிஞர் விரும்பினார். ஊரார் எதிர்த்தார்கள். எதிர்ப்பதோடு முடியவில்லை. கேட்பாரற்றுக் கிடக்கும் சிலைகளை இங்கேயே காக்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் வளர்ந்தது. அப்போதைய ஆட்சியர் எம்.எஸ். சிவராமனின் முயற்சியில் 1951-இல் கலைக்கூடம் உருவானது.

திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் ரிஷபவாகன தேவர் அந்தத் தஞ்சைக் கூடத்தில் இருக்கிறார். அதே ஊரின் அர்த்தநாரீசுவரர் எழும்பூரில் இருக்கிறார். ஓர் ஊரின் பொருள்கள் இரண்டு இடங்களில். எழும்பூரில் இருந்தால் அதிகம் பேர் பார்க்கலாம். 1930-லேயே தொடங்கப்பட்ட வேதியியல் பாதுகாப்பு ஆய்வகமும் அங்கே உண்டு. ஊருக்குப் பக்கத்தில் இருந்தால், அந்த மண்ணின் பிள்ளைகள் பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். எது சரி? எட்டாம் வகுப்புக்கு மேல் இதைப் பட்டிமன்றத் தலைப்பாகக் கொடுங்கள். தீர்ப்பு சொல்ல அவசரப்பட வேண்டாம்.

எடுப்பதற்கு முன் ஆறு கேள்விகள்

ஒரு பொருளை யாராவது அன்பளிப்பாகக் கொண்டுவந்தால், நல்ல அருங்காட்சியகம் உடனே கை நீட்டி வாங்கிவிடாது. சில கேள்விகளைக் கேட்கும். அவற்றை மாணவர்களுக்கு ஏற்றபடி ஆறாகச் சுருக்கிக்கொண்டேன்.

1. இது நம் நோக்கத்துக்குப் பொருந்துமா? ஒவ்வொரு அருங்காட்சியகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. நாகூரிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன குடும்பங்கள் பல. 'ரஜூலா', 'எம்.வி. சிதம்பரம்' கப்பல்களின் பெயர்களைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பெயர் எழுதிய தகரப் பெட்டி ஒன்று நாகூர் வீட்டுப் பரணில் இருந்தால், அது நமக்குப் 'புறப்பட்டவர்களின்' கதை. சிங்கப்பூரில் 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டப்பட்ட நாகூர் தர்கா, 1974-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டு, 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபு மையமாக இருக்கிறது. அதே பெட்டி அங்கே 'வந்து சேர்ந்தவர்களின்' கதை. பொருள் ஒன்றுதான், நோக்கம் வேறு.

2. கொடுப்பவருக்குக் கொடுக்கும் உரிமை உண்டா? வீட்டில் கேட்காமல் பாட்டியின் பெட்டியிலிருந்து எடுத்து வந்த பொருளும் வரும். பெரியவர் சம்மதம் இல்லாமல் எதையும் ஏற்கக்கூடாது.

3. இதன் கதை தெரியுமா? யார் செய்தது, யார் பயன்படுத்தியது, எந்த ஊர், எப்போதிலிருந்து? நாகூர் தர்காவில் நேர்ச்சையாகச் செலுத்தப்படும் மெல்லிய உலோகத் தகடுகளை எல்லாரும் பார்த்திருப்போம். வீடு, கப்பல், கண், கை, கால் என்று பல வடிவங்கள். வெறும் தகடாகப் பார்த்தால் அதன் விலை சில ரூபாய். 'மகன் கடலுக்குப் போனபோது நேர்ந்துகொண்டது' என்ற ஒரு வரி சேர்ந்தால், அது இந்தக் கரையின் அச்சத்தையும் நம்பிக்கையையும் சொல்லும்.

4. இதே போன்றது ஏற்கெனவே இருக்கிறதா? பத்து அரிக்கேன் விளக்குகள் தேவையில்லை. ஆனால், ஒன்று தெருவிளக்கு இல்லாத காலத்தில் படித்தவருடையது, இன்னொன்று இரவில் வலை வீசப் போனவருடையது என்றால், அவை ஒன்றல்ல, இரண்டு.

5. இதை நம்மால் பாதுகாக்க முடியுமா? மாணவர்களை அதிகம் யோசிக்க வைப்பது இந்தக் கேள்விதான். இதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

6. இதை யார், எதற்குப் பயன்படுத்தப் போகிறார்கள்? சில நாகூர் வீடுகளில் அரபுத்தமிழ் நூல்கள் இருக்கும். தமிழ்ச் சொற்களை அரபு எழுத்தில், தமிழின் ஒலிகளுக்காகச் சில எழுத்துகளைப் புதிதாக வடிவமைத்து எழுதியவை அவை. இன்று வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். இருபது ஆண்டு கழித்து ஓர் ஆய்வாளருக்கு அது தேவைப்படும். ஆகவே, இன்று வாசிக்க ஆள் இல்லை என்பது அதை விட்டுவிடக் காரணமாகாது. வாசிக்கத் தெரிந்த பெரியவரின் குரலை அந்த நூலோடு சேர்த்துப் பதிவு செய்யவே அது காரணமாக வேண்டும்.

'முடியாது' என்று சொல்வதும் பொறுப்புதான்

நாகூர்க் காற்றில் உப்பு இருக்கிறது. வெண்கலத்தில் குளோரைடு சேர்ந்து ஈரமும் கூடினால், வெளிர்பச்சைப் பொடி கிளம்பிப் பொருளையே அரிக்கத் தொடங்கும். ஓலைச்சுவடியை வெள்ளிமீன் பூச்சியும் பூஞ்சையும் தின்னும். செய்தித்தாள் சில ஆண்டுகளில் பழுத்து நொறுங்கும். இவற்றைக் காக்க மாறாத ஈரப்பதம், நேர் வெயில் படாத இடம், அமிலமில்லாத தாள், தொடர்ந்து கவனிக்கும் ஆள் எல்லாம் வேண்டும். பள்ளியில் இவை இல்லை. எனவே ஓலைச்சுவடியைப் பள்ளியில் வாங்கி வைப்பது உதவியன்று. படம் எடுத்து, குறிப்பு எழுதி, வீட்டுக்கே திருப்பித் தந்து, நூலகத்தையோ அருங்காட்சியகத்தையோ அணுக வழிகாட்டுவதே உதவி.

நல்லெண்ணத்தோடு செய்யும் சில காரியங்களும் பொருளைக் கெடுக்கும். பழைய காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவருவார்கள். மேலே படிந்த பாசம் போகும்போது எழுத்தின் விளிம்பும் போய்விடும். பழைய கடிதத்தை லேமினேஷன் செய்வார்கள். பிறகு அதைப் பிரிக்க முடியாது. பொருளின் மேலேயே பேனாவால் எண் எழுதுவார்கள். 'தேய்க்காதே, ஒட்டாதே, அதன்மேல் எழுதாதே' என்ற மூன்றையும் முதல் நாளே வகுப்பறைச் சுவரில் எழுதிவிடுகிறோம்.

"எங்க வீட்ல பழசு ஒன்னும் இல்ல சார்"

நாகூரில் முதல் ஆண்டு இந்தப் பாடத்தை நடத்தியபோது ஒரு மாணவி எதுவும் கொண்டுவரவில்லை. காரணம் கேட்டேன். "எங்க வீட்ல பழசு ஒன்னும் இல்ல சார். எல்லாம் சுனாமில போயிடுச்சுன்னு அம்மா சொல்லுது."

2004 டிசம்பர் 26. நம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பழம்பொருள் கொண்டு வா என்று சொல்லும்போது, இல்லாத வீட்டுப் பிள்ளையை நாம் அறியாமலே தலைகுனிய வைக்கிறோம். வாடகை வீடு மாறி மாறிப் போகும் குடும்பத்துக்கும் இதே நிலைதான். அன்றிலிருந்து 'பழைய பொருள்' என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். 'உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் தூக்கிப் போட மனமில்லாமல் வைத்திருக்கும் பொருள்' என்று கேட்கிறேன். அந்த மாணவி அடுத்த வாரம் ஒரு சாவியைக் கொண்டுவந்தாள். சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்த குடியிருப்பில் அவர்கள் வீட்டின் முதல் பூட்டுக்கான சாவி. பூட்டு துருப்பிடித்துப் போய்விட்டதாம். சாவியை மட்டும் அவள் அம்மா வைத்திருக்கிறார்.

இருபது ஆண்டுப் பொருள் அருங்காட்சியகத்துக்கு உரியதா என்று வகுப்பு வாதிட்டது. இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். அதே சுனாமி கடலிலிருந்து ஊருக்குள் சில கிலோமீட்டர் தூக்கி வந்து போட்ட மின் உற்பத்திக் கப்பலை, அவர்கள் அப்புறப்படுத்தவில்லை. கிடந்த இடத்திலேயே நினைவிடமாக்கினார்கள். பண்டா ஆச்சே நகரில் சுனாமிக்கென்றே அருங்காட்சியகமும் கட்டினார்கள். காலம் கடந்த பிறகு தேடினால் கிடைக்காது என்று தெரிந்தவர்கள் நிகழ்காலத்திலேயே சேகரிக்கிறார்கள்.

நம் கரையிலும் அப்படி நழுவிக்கொண்டிருக்கும் ஒன்று உண்டு. சுனாமிக்குப் பிந்தைய ஆண்டுகளில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகி, கட்டுமரங்கள் குறைந்துவிட்டன. கட்டுமரத்தைப் பள்ளிக்குக் கொண்டுவர முடியாது. ஆனால், மரங்களை எந்த வரிசையில் வைத்து, எந்தக் கயிற்றால், எந்த முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள் என்பதைச் சொல்லத் தெரிந்த தாத்தாக்கள் பட்டினச்சேரியில் இருக்கிறார்கள். அந்த முடிச்சை ஒரு கயிற்றில் போட்டுக் காட்டச் சொல்லிப் படம் பிடித்தால், அதுவும் சேகரிப்புதான்.

மூன்று பாடவேளைகளில் நடத்தும் முறை

முதல் பாடவேளை: கோபுரம், படிமம் இரண்டின் கதையையும் சொல்லி, ஆறு கேள்விகளை அறிமுகம் செய்க. ஆசிரியர் தம் வீட்டுப் பொருள் ஒன்றை வைத்து மாணவர்களைக் கேள்வி கேட்கச் சொல்லலாம். பதில் தெரியாத இடங்களில் 'தெரியவில்லை' என்றே சொல்லுங்கள். தெரியாததை எழுதாமல் விடுவதும் ஒரு பயிற்சி.

வீட்டுப் பணி: மாணவர் தம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள பெரியவர் ஒருவரிடம் ஒரு பொருளைப் பற்றிக் கேட்டு எழுதிவர வேண்டும். பொருளைக் கொண்டுவரத் தேவையில்லை. ஓவியமோ படமோ போதும்.

இரண்டாம் பாடவேளை: ஐந்து மாணவர்கள் கொண்ட 'தேர்வுக் குழு' அமைக்க. குழு வாரந்தோறும் மாறட்டும். ஒவ்வொருவரும் தம் பொருளைப் பற்றி மூன்று நிமிடம் பேச, குழு மூன்றில் ஒரு முடிவை எடுக்கும்: பள்ளியில் வைப்பது, குறிப்பெடுத்துத் திருப்பித் தருவது, இப்போதைக்கு ஏற்காமல் விடுவது. முடிவுக்கான காரணத்தைக் குழு ஒரு வரியில் எழுத வேண்டும். 'நன்றாக இருக்கிறது', 'பழையது' என்பவை காரணங்கள் ஆகா. எங்கள் வகுப்பில் பெரும்பாலானவை இரண்டாம் வகையில்தான் முடிகின்றன. அதுவே நல்லது.

மூன்றாம் பாடவேளை: பதிவேடு எழுதுதல். கோடு போட்ட பெரிய நோட்டு ஒன்று போதும். பதிவு எண், நாள், பொருளின் ஊர் வழக்குப் பெயர், எதனால் ஆனது, அளவு, இப்போதைய நிலை, தந்தவர், பயன்படுத்தியவர், பயன், பெரியவர் சொன்ன சொற்களிலேயே இரண்டு வரி, குழுவின் முடிவு, திருப்பித் தந்த நாளும் கையொப்பமும். எண்ணை 2025.7 என்பதுபோல் ஆண்டும் வரிசையுமாகக் கொடுத்தால் குழப்பம் வராது. எண்ணைத் தடித்த அட்டையில் எழுதி, நூலால் பொருளில் கட்டுங்கள். பதிவேட்டின் பக்கங்களைப் படம் எடுத்து வேறோர் இடத்திலும் வைத்திருங்கள்.

தொடக்க வகுப்புகளுக்கு இவ்வளவு தேவையில்லை. ஒரு முறத்தையோ கூடையையோ நடுவில் வைத்து, 'இது எதனால் ஆனது? யார் கையில் இருந்தது? இது இல்லாவிட்டால் என்ன செய்வோம்?' என்ற மூன்று கேள்விகள் போதும். உயர்நிலை வகுப்பில் கணக்கையும் இணைக்கலாம். வாய்பாட்டின்படி 12 மரக்கால் ஒரு கலம். ஆனால் மரக்காலின் அளவு ஊருக்கு ஊர் மாறியது. உருளை வடிவ மரக்கால் ஒன்றின் உள்விட்டத்தையும் உயரத்தையும் அளந்து கொள்ளளவு காணச் சொல்லி, விடையை லிட்டரில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு வீட்டு மரக்கால்களின் விடைகள் ஒத்துப்போகாதபோது, 1956-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒரே அளவை ஏன் கொண்டுவந்தது என்று விளக்குவது எளிது.

மதிப்பீட்டில் பொருளின் அருமைக்கு மதிப்பெண் தர வேண்டாம். குறிப்பின் தெளிவுக்கும் முடிவின் காரணத்துக்கும் தாருங்கள். அப்போதுதான் வெள்ளிக் கிண்ணம் கொண்டுவந்தவரும் துருப்பிடித்த சாவி கொண்டுவந்தவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

பெரியவர்கள் சொல்வதில் சாதி, வறுமை, குடும்பச் சண்டை போன்றவையும் வரும். எதைப் பதிவேட்டில் எழுதலாம், எதை எழுத வேண்டாம் என்று சொன்னவரிடமே கேட்டுக்கொள்ளும்படி மாணவர்களைப் பழக்க வேண்டும். நாம் வாங்கிக்கொள்வது அவர்கள் வாழ்க்கையின் ஒரு துண்டு என்பதை மறக்கக்கூடாது.

பதிவு எண் 1

எங்கள் பதிவேட்டின் முதல் பக்கத்தில் உள்ள பொருள் எங்களிடம் இல்லை. அது அந்த மரக்கால். நானே எழுதிய பதிவு அது. 'பொருள் தொலைந்தது. காரணம்: பெற்றவர் பதிவு செய்யவில்லை' என்று எழுதி, அந்த அப்பாயி சொன்னதைக் கேட்டபடியே கீழே சேர்த்திருக்கிறேன். அதற்கு அவரிடம் மறுபடியும் போய்ச் சம்மதம் வாங்கினேன். ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்கள் பதிவேட்டைத் திறந்தவுடன் கேட்பார்கள்: "மொதல் பொருள் எங்க சார்?" அந்தக் கேள்வியிலிருந்துதான் பாடத்தைத் தொடங்குகிறேன்.

உங்கள் பள்ளியிலும் ஓர் அலமாரி, ஒரு மேசை, பெயர் உதிர்ந்த சில பொருள்கள் இருக்கலாம். புதிதாக எதையும் சேர்க்கும் முன், இருப்பவற்றைத் தந்தவர்கள் யாரென்று இந்த வாரமே விசாரித்து ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.